லைசன்ஸோடு படகு கிடைக்கிறது, வாங்கலாமா?

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரும் கூட்டாளிகள் இரண்டு பேரும் சேர்ந்து 38,000 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய ஃபைபர் படகு பார்த்திருக்கிறார்கள். என்ஜினும் வலையும் படகோடு வருகின்றன. சொந்தக்காரரான தவுக்கே, "லைசன்ஸ் என் பேர்லயே இருக்கட்டும், மாசம் 500 குடுத்தா போதும், யாரும் கேக்கமாட்டாங்க" என்கிறாராம். பிடிக்கிற மீனைத் தோட்டத்து லயங்களிலும் காலைப் பாசாரிலும் விற்பதாகத் திட்டம். இந்த வாரத்துக்குள் 5,000 முன்பணம் வேண்டும் என்கிறார், கொடுக்கலாமா அக்கா என்று கேட்கிறார். ஒரு கூட்டாளிக்குச் சிவப்பு அடையாள அட்டைதான் என்றும் முடிவில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

கொடுக்காதீர்கள், தம்பி. படகு நல்ல படகாக இருக்கலாம், விலையும் நியாயமாக இருக்கலாம். ஆனால் அவர் சொல்கிற ஏற்பாட்டில் உங்கள் கைக்கு வருவது ஃபைபர் கூடு, என்ஜின், வலை, இவ்வளவுதான். கடலில் இறங்கும் உரிமை அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். அவர் நினைத்த அன்று அது உங்களுக்கு இல்லாமல் போகும்.

நான் இந்த ஊர்க்காரி. தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பெர்ணம் ஆற்றோரம் ஒரு மீன் கொட்டகையில் 19 வருடம் கணக்கு எழுதினேன். அங்கே வந்து மீன் இறக்கும் படகுகளுக்கு வருடா வருடம் லைசன்ஸ் புதுப்பிக்கும் வேலையும் என் தலையில்தான். அதனால் எந்தத் தாள் எதற்கு என்பது ஓரளவு தெரியும். தெரிந்ததை முழுசாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் சித்தப்பா கதை. தோட்டம் கைமாறியபோது ஆட்களைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். இருபத்தைந்து வருட உழைப்புக்குக் கிடைத்த பணத்தில் சித்தப்பா ஒரு மரப்படகு வாங்கினார். அவருக்கும் இதே பேச்சுதான் சொல்லப்பட்டது: லைசன்ஸ் பழைய சொந்தக்காரர் பெயரில் இருக்கட்டும், மாதாமாதம் ஏதாவது கொடுத்துவிடு. இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு நாள் காலை அந்த மனிதரின் ஆள் ஒரு டப்பா சாம்பல் நிறப் பெயிண்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு வந்தான். சித்தப்பா பார்த்துக்கொண்டு நிற்க, படகின் முகப்பில் இருந்த எண்ணை எழுத்து எழுத்தாக அழித்தான். லைசன்ஸை வேறொரு படகுக்கு மாற்றிவிட்டார்களாம். சித்தப்பா எங்கே போய்க் கேட்பது? ஒப்பந்தமே சட்டத்துக்குப் புறம்பானது, புகார் கொடுக்கப் போனால் இவரும் சேர்ந்துதான் மாட்டிக்கொள்வார். படகு ஓடைச் சேற்றில் கிடந்து மட்கியது. சாகும்வரை அந்தப் பக்கம் அவர் மீன் வாங்கக்கூடப் போகவில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அந்தப் பெயிண்டு டப்பாதான் ஞாபகம் வந்தது.

சரி, சட்டத்துக்கு வருவோம். கடல் மீன்பிடித் தொழிலுக்கு அடிப்படை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம், 317ஆம் சட்டம் என்பார்கள். அதன் 8ஆவது பிரிவின்படி, உள்நாட்டு மீன்பிடிப் படகு எதையும் லைசன்ஸ் இல்லாமல் மீன்பிடிக்க ஓட்டக்கூடாது, மற்றவர் ஓட்டுவதற்கு விடவும் கூடாது. லைசன்ஸ் இருந்தால் மட்டும் போதாது, அதில் போட்டிருக்கும் நிபந்தனைப்படிதான் ஓட்ட வேண்டும். லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுவதும், லைசன்ஸை வைத்துக்கொண்டு நிபந்தனையை மீறுவதும் இரண்டுமே குற்றம். நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாதது இந்த இரண்டாவதுதான்.

லைசன்ஸ் ஒருவருக்கு, ஒரு குறிப்பிட்ட படகுக்கு, குறிப்பிட்ட வலைக்கு, குறிப்பிட்ட கடல் பகுதிக்கு என்று கொடுக்கப்படுவது. மீன்வளத்துறையின் ஒப்புதல் இல்லாமல் அதை இன்னொருவர் கைக்கு மாற்ற முடியாது. கார் வாங்குகிற மாதிரி பெயர் மாற்றுக் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளும் விஷயம் இல்லை இது. துறைக்கு விண்ணப்பம் போட்டு, வாங்குகிறவர் தகுதியானவர்தானா என்று அவர்கள் பார்த்து, ஒப்புதல் கொடுத்த பிறகுதான் மாறும். தவுக்கே "என் பேர்லயே இருக்கட்டும்" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒன்று, மாற்ற அவருக்கு மனமில்லை. இல்லையென்றால், மாற்றக் கேட்டால் துறை உங்களுக்குத் தராது என்று அவருக்குத் தெரியும்.

"அப்படியானால் எங்கள் பெயரிலேயே புதுசாக லைசன்ஸ் எடுத்துவிடுகிறோம்" என்று அடுத்து நினைப்பீர்கள். கரையோரப் பகுதிக்குப் புது லைசன்ஸ் கொடுப்பதைப் பல காலமாகவே இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். படகு அதிகம், மீன் குறைவு, அதுதான் காரணம். ஆகவே ஏற்கெனவே இருக்கும் லைசன்ஸுகளுக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. நீங்கள் பார்த்த படகும் என்ஜினும் வலையும் தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று ஒரு படகுப் பட்டறையில் விசாரித்துப் பாருங்கள். 38,000க்குக் கீழே வந்தால், மிச்சம் நீங்கள் கொடுப்பது லைசன்ஸுக்கு. அதுவோ உங்களுக்கு வரப்போவதில்லை.

இப்போது தாள்களைப் பற்றி. ஒரு படகு கடலுக்குப் போக மூன்று விதமான தாள் வேண்டும், மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். ஒன்று படகின் பதிவு, அதாவது இது யாருடைய கலம், எவ்வளவு நீளம், என்ன என்ஜின் என்பதற்கான சான்று. இரண்டாவது மீன்வளத்துறையின் லைசன்ஸ். அதில்தான் எந்த வலை, எந்தப் பகுதி என்று இருக்கும். மூன்றாவது உங்களுடையது, மீனவர் அட்டை. இங்கே எல்லோரும் காட் நெலாயான் என்போமே, அது. தவுக்கேயிடம் முதல் இரண்டும் இருக்கலாம். மூன்றாவது உங்கள் மூன்று பேரில் ஒருவரிடமும் இல்லை என்று நினைக்கிறேன். கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அந்த லைசன்ஸ் தாளை ஒரு முறை கையில் வாங்கி நிதானமாகப் படியுங்கள். பெயர், அடையாள அட்டை எண், படகின் எண், என்ஜினின் வகை, அதன் எண் எல்லாம் இருக்கும். என்ஜின் எண்ணை மட்டும் படகில் இருக்கும் என்ஜினோடு நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். கிரீஸும் உப்பும் படிந்து எண் தெரியாது, ஒரு துணியில் டீசல் நனைத்துத் துடைத்தால் தெரியும். நான் வேலை பார்த்த காலத்தில் இந்த ஒரு இடத்தில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுந்தார்கள். பழைய என்ஜின் பழுதாகி, கையில் கிடைத்த வேறொரு என்ஜினை மாட்டியிருப்பார்கள், துறையிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். என்ஜின் மாற்றவும், பழைய கூட்டுக்குப் பதில் புதுக் கூடு போடவும், வலை வகையை மாற்றவும், ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும். தாளில் ஒரு என்ஜின், படகில் வேறொரு என்ஜின் என்றால் அந்தக் கோளாறும் சேர்ந்துதான் உங்கள் கைக்கு வரும்.

படகின் முகப்பில் இருக்கும் எழுத்துகளையும் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். பேராக் படகுகளில் பிகேஎஃப்ஏ அல்லது பிகேஎஃப்பி என்று தொடங்கும். முதல் இரண்டும் மாநிலம். எஃப் என்பது மீன்பிடிப் படகு. எந்தக் கடல் பகுதிக்கான படகு என்பதை லைசன்ஸிலேயே பாருங்கள். ஆற்றுக்கு அந்தக் கரை சிலாங்கூர் ஆகிவிடுகிறதே, அங்கே சபாக் பெர்ணம் பக்கத்துப் படகுகளில் எஸ்எல்எஃப் என்று தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஆறுதான், ஆனால் லைசன்ஸ் மாநிலத்தையும் தங்குதுறையையும் சேர்த்துத்தான் பதிவாகிறது. அந்தக் கரையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி இந்தக் கரையில் கட்டிவைத்து ஓட்டிவிட முடியாது.

கடல் பகுதிகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் கடலின் முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது. அறுபதுகளில் இந்த மேற்குக் கரையில் இழுவை வலைப் படகுகள் வந்தன. கனமான வலையைக் கடலடியில் போட்டு இழுத்துக்கொண்டே போகும் படகுகள். நம் கரை சேறும் சதுப்பும் கண்டல் காடும் நிறைந்தது, இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கிற இடம். அங்கேயே இழுவை வலை இறங்கியது. கையால் வலை போட்டுப் பிழைத்த சின்னப் படகுக்காரர்களின் வலைகள் அறுந்தன, மீனும் குறைந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கடலில் பெரிய மோதல்கள் நடந்தன. படகுகள் எரிந்தன, மூழ்கின, உயிர்களும் போயின. அதற்குப் பிறகு எண்பதுகளின் தொடக்கத்தில்தான் கடலைக் கோடு போட்டுப் பிரித்து லைசன்ஸ் கொடுக்கும் முறை வந்தது.

அப்போது போட்ட கணக்கு இது. கரையிலிருந்து 5 கடல் மைல் வரை ஏ பகுதி, வழக்கமான சிறு வலைகளுக்கும் சொந்தப் படகைத் தானே ஓட்டும் மீனவர்களுக்கும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆக 5 மைல் என்றால் ஒன்பது கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 5 முதல் 12 மைல் வரை பி பகுதி, 40 டன்னுக்குக் குறைந்த இழுவை வலை, சுற்று வலைப் படகுகளுக்கு. 12 முதல் 30 வரை சி, 40 டன் முதல் 70 டன்னுக்குள். அதற்கு அப்பால் நாட்டின் பொருளாதாரக் கடல் எல்லை வரை சி2, 70 டன்னும் அதற்கு மேலும். டன் என்றதும் படகின் எடை என்று நினைக்காதீர்கள். இது படகின் உள்ளே மூடியிருக்கும் இடத்தின் அளவு. 100 கன அடி ஒரு டன். அதனால்தான் பார்வைக்குச் சின்னதாக இருக்கும் படகு சில சமயம் தாளில் பெரிய டன் காட்டும், நீளமாக இருப்பது குறைவாகக் காட்டும். கோடுகள் சில இடங்களில் பின்னாளில் மாற்றி வரையப்பட்டிருக்கின்றன, ஆகவே படகுத்துறையில் யாராவது மைல் கணக்குச் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், உங்கள் லைசன்ஸில் எழுதியிருப்பதுதான் செல்லும்.

நீங்கள் பார்த்திருக்கும் ஃபைபர் படகு ஏ பகுதிப் படகாகத்தான் இருக்கும். அப்படியானால் இன்னொரு சிக்கல். சொந்தப் படகைத் தானே ஓட்டிப் பிழைக்கிறவருக்கு என்று ஒதுக்கிய பகுதி அது. தவுக்கே கரையில் உட்கார்ந்து மாதம் 500 வாங்கிக்கொண்டு, நீங்கள் மூன்று பேர் அவர் பெயரில் கடலுக்குப் போவது அந்த ஒதுக்கீட்டின் நோக்கத்துக்கே நேர் எதிர். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஒரு ஏழை மீனவனுக்கு என்று வைத்த உரிமையை வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பது, அதுவும் கரையில் இருந்துகொண்டு, எனக்கு என்றைக்குமே ஜீரணமாகவில்லை.

"யாரும் கேக்கமாட்டாங்க" என்பதை நம்பாதீர்கள். கடல்சார் அமலாக்க முகமை 2005 முதல் இயங்குகிறது, மீன்வளத்துறைக்கும் சொந்த ரோந்துப் படகுகள் இருக்கின்றன, கடல் போலீஸும் இருக்கிறது. படகை நிறுத்தினால் லைசன்ஸ் எங்கே, ஓட்டுவது யார், அட்டை இருக்கிறதா, வலை என்ன என்றுதான் வரிசையாகக் கேட்பார்கள். தப்பு என்றால் படகையும் வலையையும் பிடித்து வைக்கலாம். நீதிமன்றம் பறிமுதல் செய்யவும் உத்தரவிடலாம். பிடித்த மீன் கெட்டுப்போகும் என்பதால் அதை விற்றுவிடுவார்கள். லைசன்ஸை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் துறைக்கு அதிகாரம் உண்டு. ரத்தானால் தவுக்கேக்கு ஒரு தாள் போகும். உங்களுக்கு 38,000 போகும்.

வலை விஷயம். லைசன்ஸில் ஆழ்ந்து படிக்க வேண்டியது வலைக் கட்டம்தான். மிதவை வலை என்று போட்டிருந்தால் மிதவை வலைதான். நண்டுக்குக் கூண்டு வைக்க ஆசையாக இருந்தாலும், தூண்டில் கயிறு விட ஆசையாக இருந்தாலும், அது அங்கே எழுதியிருக்க வேண்டும். இங்கே இறாலுக்கு மூன்றடுக்கு வலை போடுகிறவர்கள் அதிகம். அதுவும் தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டிய வலை. படகோடு வருகிறது என்கிறீர்களே, அந்த வலையை விரித்துப் பார்த்தீர்களா? கொட்டகை மூலையில் சுருட்டிப் போட்டிருப்பதில் என்ன வேண்டுமானாலும் இருக்கும். தள்ளு வலை, அதாவது படகின் முன்னால் கழிகளில் கட்டி அடிச் சேற்றைத் தள்ளிக்கொண்டு போகும் வலை, தடை செய்யப்பட்டது. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுப்பதும் தடை. திருக்கைக்காகப் போடும் பெரிய கண் மிதவை வலையில் கண் 25.4 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது 10 அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது, ஆமைகள் அதில்தான் சிக்கிச் சாகும்.

இழுவை வலையின் பையில் கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. உங்களுக்கு இது தேவைப்படாது, இருந்தாலும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒரு முறை அதிகாரி ஒருவர் எங்கள் படகுத்துறையில் ஈர வலையின் பையை மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் ஒரு கண்ணைப் பிடித்து இழுத்து அளவுகோலை வைத்தார். பத்துக் கண்களை அளந்தார், ஒவ்வொன்றையும் தாளில் எழுதினார். வெளிப் பை சரியாக இருந்தது. உள்ளே கையை விட்டு இன்னொரு பையை வெளியே இழுத்தார், அதன் கண்ணில் என் சுண்டு விரல்கூட நுழையாது. ஒரு ஜாண் நீளம்கூட இல்லாத மீன் குஞ்சுகள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் குஞ்சுகள் தீவனத்துக்கும் உரத்துக்கும் என்று கிலோ சில காசுக்குப் போகிற சரக்கு. வளரவிட்டிருந்தால் நம் பாசாரில் எத்தனை சட்டிக் குழம்புக்கு ஆகியிருக்கும்.

வெடி, விஷம், மின்சாரம் வைத்துப் பிடிப்பதைப் பற்றி ஒரு வரி போதும்: அதில் லைசன்ஸ் என்ற பேச்சே இல்லை, நேராகக் குற்றம்.

ஆற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடல் கொந்தளிப்பாக இருக்கும்போது எல்லோரும் ஆற்றில் ஏறிவிடுவார்கள். உள்நாட்டு நீர்நிலைகளில் மீன்பிடிப்பது மாநிலத்தின் அதிகாரத்தில் வருவது. ஆற்றுக்கு மேலே போகப் போக விதிகள் வேறு. கடலுக்கான லைசன்ஸை வைத்துக்கொண்டு ஆற்றின் மேற்பகுதியில் வலை போடுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மூன்று பேரின் கதைக்கு வருகிறேன். கேள்வியின் கடைசி வரியில் ஒரு கூட்டாளிக்குச் சிவப்பு அடையாள அட்டைதான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சின்ன விஷயம் இல்லை. உள்நாட்டுப் படகு என்று சட்டம் சொல்வது மலேசியக் குடிமகனுக்கு முழுக்கச் சொந்தமான படகை, அல்லது இந்நாட்டுச் சட்டப்படி அமைந்த நிறுவனம், அமைப்பு போன்றவற்றின் படகை. சிவப்பு அட்டைக்காரர் நிரந்தரவாசி, குடிமகன் அல்லர். அவரைப் பங்காளியாகப் போட்டால் படகின் தகுதியே கேள்விக்குள்ளாகும். இங்கேயே பிறந்து, இங்கேயே தேங்காய் உரித்து, செம்பனைக் குலை தள்ளி, கை காய்த்துப்போன எத்தனை பேருக்கு இன்னும் அந்தச் சிவப்பு அட்டை. எழுதும்போதே மனசு கனக்கிறது. ஆனாலும் பணம் போட்ட பிறகு அவருக்கு இது தெரியவருவதைவிட இப்போதே தெரிவது நல்லது. அவர் படகில் ஏறி வேலை செய்யலாமா என்பதையும் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். குடியுரிமை விண்ணப்பம் தனி வழி, அதை இதோடு குழப்பாமல் நடத்துங்கள்.

மற்ற இருவரில் லைசன்ஸ் யார் பெயரில் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பணம் மூவரும் போட்டு, தாள் ஒருவர் பெயரில் என்றால், யார் எவ்வளவு போட்டார்கள், பிரிந்தால் எப்படிக் கணக்கு, பெயர் உள்ளவர் இறந்துபோனால் என்ன என்று எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, முத்திரை வரி கட்டி வையுங்கள். மாமன் மச்சானாக இருந்தாலும் எழுதுங்கள்.

வெளிநாட்டு ஆள் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஏ பகுதியில் அந்த நினைப்பே வேண்டாம். பெரிய படகுகளுக்கு முறையான அனுமதியோடு சில இடங்களில் வழி இருக்கிறது, அது உங்களுக்குத் தேவையில்லை. வெளிநாட்டவர் சம்பந்தப்பட்ட குற்றங்களுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் எவ்வளவு தெரியுமா? படகுச் சொந்தக்காரருக்கும், தெக்கோங் என்னும் படகோட்டித் தலைவருக்கும் 60 லட்சம் ரிங்கிட் வரை, பணியாள் ஒவ்வொருவருக்கும் 6 லட்சம் வரை.

டீசல் மானியத்தையும் தவுக்கே காட்டி ஆசை மூட்டியிருப்பார். மீனவர்களுக்கு லிட்டர் 1.65 ரிங்கிட், உண்மைதான். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 3.35 ஆனபோதும் மீனவர் விலை 1.65ஆகவே இருந்தது. பாதிக்குப் பாதி. ஆனால் அந்த ஒதுக்கீடு லைசன்ஸ் உள்ள படகுக்கு, லைசன்ஸ்காரர் பெயரில், மீனவர் சங்கம் வழியாக வருவது. அவர் பெயரில் வரும் டீசலில் அவர் உங்களுக்கு எவ்வளவு ஊற்றுவார், எவ்வளவை வெளியே விற்பார் என்பது உங்கள் கையில் இல்லை. மானிய டீசலை வேறு வழியில் விற்பது 1961 பொருள் விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வருகிறது. தனிநபருக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். படகை ஓட்டுகிறவன் நீங்கள் என்றால் விசாரணையில் முதலில் உட்காருகிறவனும் நீங்கள்தான்.

மீனவர் உதவித்தொகையும் அப்படித்தான். முழுநேர மீனவராகப் பதிவானவருக்கு என்று இருப்பது அது. தோட்டத்தில் மாதச் சம்பளம், சேமநிதி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது முழுநேர மீனவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மீனை விற்பதற்கும் ஒரு வார்த்தை. காலைப் பாசாரிலோ மோட்டாரில் தோட்டம் தோட்டமாகப் போயோ விற்க ஊராட்சி மன்றத்தின் வியாபார லைசன்ஸ் வேண்டும். மொத்தமாக வாங்கி விற்கும் அளவுக்குப் போனால் எல்கேஐஎம் லைசன்ஸ், அதாவது 1971 முதல் இருக்கும் மீன்பிடி மேம்பாட்டு வாரியத்தினுடையது. ஆரம்பத்தில் இது பெரிய தடை இல்லை. லயத்து அம்மாக்கள் உங்கள் கெம்போங்கையும் செனாங்கினையும் வாங்கத் தயாராக இருப்பார்கள், ஐஸ் போடாத மீன் அவர்களுக்கு எங்கே கிடைக்கிறது?

அப்படியானால் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். நீங்களும் இன்னொரு கூட்டாளியும் முதலில் லைசன்ஸ் உள்ள ஏ பகுதிப் படகில் ஆளாக ஏறுங்கள். வார விடுமுறையில் தொடங்கலாம், ஆனால் அட்டை வருவதற்கு முன் ஏறலாமா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான மூத்த மீனவர்களுக்குத் துணைக்கு ஆள் இல்லை, பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். ஓதம் ஏறுவது, இறங்குவது, பெர்ணம் முகத்துவாரத்து மணல்திட்டு எங்கே, எந்தக் காற்றில் எந்தப் பக்கம் போகக்கூடாது என்பதெல்லாம் தாளில் கிடைக்காது. அங்கேதான் கிடைக்கும். அடுத்து, மாவட்ட மீன்வள அலுவலகத்தில் மீனவர் அட்டைக்குப் பதிவு செய்யுங்கள். உண்மையிலேயே கடலுக்குப் போகிறவரா என்று பார்ப்பார்கள், விசாரிப்பார்கள், அதற்கு அந்த மூத்தவரின் வாக்கு உதவும். அப்புறம் வட்டார மீனவர் சங்கத்தில் சேருங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு, தொழிலை விட நினைக்கும் ஒரு மூத்தவரிடம் முறையான பெயர் மாற்றம் கேளுங்கள். அவரும் நீங்களும் ஒன்றாக விண்ணப்பிக்க வேண்டும். பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்: விண்ணப்பம் போடும்போது ஒரு சின்னத் தொகை, ஒப்புதல் கடிதம் கையில் வந்த பிறகு மிச்சம். ஒப்புதல் கிடைக்கவில்லை என்றால் முன்பணம் திரும்ப வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். புதுப் படகு கட்டும் ஆசை இருந்தாலும் ஒப்புதலுக்கு முன் பட்டறையில் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

பழைய படகின் தாள்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர் இருக்கும் பாகான் டத்தோ 2017இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய தாள்களில் ஹிலிர் பேராக் என்று இருக்கும். அதைப் பார்த்துப் போலித் தாள் என்று பயப்பட வேண்டாம். ஆனால் இந்த வருட லைசன்ஸ் இந்த வருடத் தேதியோடு இருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பது அது. இரண்டு மூன்று வருடம் புதுப்பிக்காமல் கிடக்கும் லைசன்ஸை "சும்மா போய்ப் பணம் கட்டினா சரியாயிடும்" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அப்படிச் சும்மா சரியானதை நான் பார்த்ததில்லை.

இன்று நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தவுக்கேக்குப் போன் போட்டு, "லைசன்ஸைப் படம் எடுத்து அனுப்புங்க, திங்கட்கிழமை காலையில ரெண்டு பேரும் சேர்ந்து மீன்வள அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்றம் பத்திக் கேட்டுட்டு வரலாம்" என்று சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம், மரியாதையாகவே கேளுங்கள். வருகிறேன் என்றால், படகின் பதிவுத் தாள், லைசன்ஸ், என்ஜின் எண், உங்கள் அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கவுண்டரில் அவர் முன்னாலேயே கேளுங்கள்: இந்த லைசன்ஸ் எங்கள் பெயருக்கு மாறுமா, அதற்கு எங்களிடம் என்ன இல்லை? சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். வரமாட்டேன் என்றால் அந்த 5,000 உங்கள் வங்கியிலேயே இருக்கட்டும். துணைக்கு ஏற ஆள் தேடும் மூத்தவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும், சொல்லுங்கள், பேசி வைக்கிறேன்.